இருபத்து நான்கு சொற்கள்: கிரிப்டோ வைத்திருக்கும் எமது குடும்பங்களுக்குச் சில விளக்கங்கள்

வரிக் கணக்குகள் முடிக்கும் காலத்தில் ஒரு தாயும் மகளும் எம்மைத் தேடி வந்தார்கள். குடும்பத் தலைவர் மாரடைப்பால் காலமாகி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அவருடைய அலுமாரி லாச்சிக்குள் இருந்து எடுத்ததாகச் சொல்லி ஒரு சிறு கருவியை மேசையில் வைத்தார்கள். பார்வைக்குப் பென் டிரைவ் போல இருந்தது. சின்னத் திரை ஒன்று, இரண்டு பொத்தான்கள்.

"அங்கிள், இதுக்குள்ள அப்பா பிட்கொயின் வாங்கி வச்சிருக்கிறார். எவ்வளவு எண்டு தெரியாது. பின் நம்பரும் தெரியாது. இரண்டு தரம் அடிச்சுப் பார்த்திட்டம்" என்றார் மகள்.

மூன்றாம் தரம் அடிக்க வேண்டாம் என்று உடனே சொன்னோம். அந்த வகைக் கருவியில் மூன்று தடவை பின் இலக்கம் பிழைத்தால் உள்ளே இருப்பது தானாகவே அழிந்துவிடும். பிறகு கேட்டோம்: "அப்பா எங்கேயாவது 24 இங்கிலிஷ் சொல்லுகளை வரிசையா எழுதி வச்சிருந்தவரா? ஒரு கொப்பியில, ஒரு அட்டையில?"

அப்படி ஒன்று இருக்கும் என்பதே இருவருக்கும் தெரியாது. கருவி வந்த பெட்டி எங்கே என்று கேட்டோம். வீடு துப்புரவாக்கும்போது வேறு வெறும் பெட்டிகளோடு எறிந்துவிட்டதாகத் தாயார் சொன்னார். அந்தச் சொற்களை எழுதுவதற்கான அட்டை அந்தப் பெட்டிக்குள்தான் வரும். பலர் எழுதிவிட்டு அதற்குள்ளேயே திருப்பி வைப்பதும் உண்டு. அதை அந்த அம்மாவிடம் அப்போது சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

கிரிப்டோ நாணயம் வாங்குவது நல்லதா கெட்டதா என்று இங்கே எழுத வரவில்லை. அதன் விலை ஏறும், விழும். கடன் எடுத்தோ சீட்டுக் காசிலோ வாங்குவதை நாம் ஒருபோதும் ஆதரித்ததில்லை. ஆனால் எம்மவர் வீடுகளில் ஏற்கனவே பலர் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்பது கணக்கு வேலை செய்யும் எமக்குத் தெரியும். வாங்கியதைக் காப்பாற்ற 'ஹார்ட்வெயார் வொலட்' எனப்படும் இந்தக் கருவியையும் சிலர் எடுத்திருக்கிறார்கள். அந்தக் கருவி எதைச் செய்கிறது, எதைச் செய்யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காசு கருவிக்குள் இல்லை

முதலில் தெளிய வேண்டியது இது. அந்தக் கருவிக்குள் பிட்கொயின் எதுவும் இல்லை.

2009 ஜனவரி 3ஆம் திகதி ஆரம்பித்த நாளிலிருந்து பிட்கொயின் என்பது ஒரு பொதுப் பேரேடுதான். எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு போனது என்பது அதில் வரிசையாகப் பதியப்படுகிறது. அந்தப் பேரேட்டின் பிரதிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கின்றன. யாரும் பார்க்கலாம். ஆனால் ஒரு முகவரியில் உள்ளதை இன்னொரு முகவரிக்கு மாற்ற, அந்த முகவரிக்குரிய இரகசிய எண்ணால் கையொப்பம் இட வேண்டும். அந்த எண்ணைத்தான் திறப்பு என்கிறோம். கருவிக்குள் இருப்பது அந்தத் திறப்பு மட்டுமே.

ஊரில் காணி வைத்திருந்த எமக்கு இது விளங்கக் கஷ்டமில்லை. காணி நிலத்தில் கிடக்கிறது. அதன் பதிவு காணிப் பதிவகத்தில் இருக்கிறது. வீட்டுப் பெட்டகத்தில் இருப்பது உறுதி. அதுபோல நாணயம் பேரேட்டில் இருக்கிறது. திறப்பு எம்மிடம் இருக்கிறது.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இடம்பெயர்வுகளில் காணி உறுதியைத் தொலைத்தவர்கள் எம்மில் எத்தனை பேர்! பதிவகத்துக்கு நடையாய் நடந்து, காசு கட்டி, பலர் பிரதி எடுத்துக்கொண்டார்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அப்படித்தான். பிட்கொயினுக்குப் பதிவகம் இல்லை, கச்சேரி இல்லை, முறையிட ஒரு முகாமையாளர் இல்லை. திறப்பைத் தொலைத்தால் நாணயம் பேரேட்டில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி அப்படியே கிடக்கும். யாராலும் எடுக்க முடியாது. பிரித்தானியாவின் நியூபோர்ட் நகரில் ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பவர் 2013இல் ஏறக்குறைய 8,000 பிட்கொயினுக்கான திறப்பு இருந்த கணினி வட்டைக் குப்பையோடு போகவிட்டார். குப்பை மேட்டைத் தோண்ட அனுமதி கேட்டுப் பல வருடங்கள் போராடினார். 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அவரது வழக்கைத் தள்ளுபடி செய்தது. நாணயம் பேரேட்டில் இன்றும் அவர் முகவரியிலேயே இருக்கிறது.

அப்படியென்றால் வாங்கிய நிறுவனத்திடமே விட்டுவிடலாமே?

நியாயமான கேள்வி. பரிமாற்று நிறுவனம் ஒன்றின் செயலியில் வாங்கி அங்கேயே விட்டுவைத்தால், திறப்பு அந்த நிறுவனத்திடம் இருக்கும். கடவுச்சொல்லை மறந்தால் அடையாள அட்டையைக் காட்டி மீட்கலாம். ஆள் இறந்தால் மரணச் சான்றிதழைக் கொடுத்து வாரிசு கேட்கலாம். சிறு தொகை வைத்திருப்பவருக்கு இது போதுமானதாக இருக்கலாம்.

ஆனால் அப்போது உங்களிடம் இருப்பது நாணயம் அல்ல, அந்த நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டிய கடன். நிறுவனம் விழுந்தால் நீங்கள் கடன்காரர் வரிசையில் நிற்பீர்கள். டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் கொக்ஸ் 2014 பெப்ரவரியில் விழுந்தபோது சுமார் 850,000 பிட்கொயின் காணாமற்போனதாகச் சொன்னது. அதில் 200,000 பின்னர் கண்டெடுக்கப்பட்டது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் வங்குரோத்தானது.

கனடாவில் உள்ள எம்மவருக்குக் குவாட்ரிகா கதை நினைவிருக்கும். அதன் நிறுவனர் 2018 டிசம்பரில் இந்தியாவில் இருந்தபோது இறந்தார். திறப்புகள் எல்லாம் அவர் ஒருவரிடமே இருந்தன என்று நிறுவனம் அறிவித்தது. 76,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளருக்கு 215 மில்லியன் கனடிய டொலர் நிலுவையாக இருந்தது. பிறகு ஒன்ராறியோ பிணையங்கள் ஆணைக்குழு விசாரித்து, அவர் வாடிக்கையாளரின் சொத்தைக் கையாடியதே இழப்பின் பெரும்பகுதிக்குக் காரணம் என்று 2020 ஜூனில் அறிக்கை வெளியிட்டது.

ஆக இரண்டு வழியிலும் ஆபத்து இருக்கிறது. நிறுவனத்திடம் விட்டால் அதன் நேர்மையை நம்ப வேண்டும். தாமே வைத்தால் தம்முடைய ஒழுங்கை நம்ப வேண்டும். கருவி வாங்குவது என்றால் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுப்பது.

கருவி செய்யும் வேலை

திறப்பைக் கணினியிலோ கைத்தொலைபேசியிலோ வைக்கலாம். ஆனால் அவை எந்நேரமும் இணையத்தோடு தொடுத்திருப்பவை. பிள்ளைகள் விளையாட்டுச் செயலிகளை இறக்குவதும் அதில்தான், நாங்கள் வரும் இணைப்புகளை எல்லாம் அழுத்துவதும் அதில்தான். ஒரு நச்சு மென்பொருள் நுழைந்தால் திறப்பு போய்விடும்.

ஹார்ட்வெயார் வொலட் அந்தத் திறப்பைத் தனக்குள்ளேயே உருவாக்கி, தனக்குள்ளேயே பூட்டி வைக்கிறது. நீங்கள் காசு அனுப்பும்போது, "இந்த முகவரிக்கு இவ்வளவு" என்ற விபரத்தைக் கணினி கருவிக்கு அனுப்பும். கருவி அதைத் தன் திரையில் காட்டும். நீங்கள் பொத்தானை அழுத்தினால் உள்ளேயே கையொப்பமிட்டு, கையொப்பத்தை மட்டும் வெளியே கொடுக்கும். திறப்பு வெளியே வராது. காசோலைப் புத்தகத்தை வங்கிக்குக் கொண்டுபோகாமல், வீட்டுப் பெட்டகத்துக்குள் வைத்தே கையெழுத்திட்டு, அந்த ஒரு காசோலையை மட்டும் வெளியே நீட்டுவது போல.

செக் நாட்டின் பிராகா நகரில் இருந்து வந்த ட்ரெசர் 2014இல் சந்தைக்கு வந்தது. பிரான்சின் லெட்ஜர் நிறுவனமும் அதே வருடம் தொடங்கப்பட்டது. இன்று வேறு பல நிறுவனங்களும் இவற்றைச் செய்கின்றன. விலை நூறு டொலருக்குக் கீழிருந்து பல நூறு டொலர் வரை போகும்.

கருவி களவு போனால்? பின் இலக்கம் தெரியாதவருக்கு உள்ளே போவது மிகவும் கடினம். கருவி உடைந்தால், கடலில் விழுந்தால், செய்த நிறுவனமே மூடப்பட்டால்? இன்னொரு கருவி வாங்கி அதில் மீட்கலாம். எதை வைத்து மீட்பது? அங்கேதான் அந்த 24 சொற்கள் வருகின்றன.

சொற்களே சொத்து

புதுக் கருவியை முதன்முதலில் இயக்கும்போது, அது தன் திரையில் 12 அல்லது 24 சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டும். மீட்புச் சொற்கள் என்று இவற்றைச் சொல்வோம். 2013இல் உருவான ஒரு பொதுவான முறைப்படி, 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலில் இருந்து இவை எடுக்கப்படுகின்றன. உங்கள் எல்லாத் திறப்புகளும் இந்தச் சொற்களில் இருந்தே கணக்கிட்டுப் பிறக்கின்றன. ஆகவே அதே சொற்களை அதே வரிசையில் இன்னொரு கருவியில், பெரும்பாலும் இன்னொரு நிறுவனத்தின் கருவியில்கூடக் கொடுத்தால், எல்லாம் திரும்பி வரும்.

24 சொற்கள் தரக்கூடிய சேர்க்கைகளின் எண்ணிக்கை 78 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். ஊகித்துப் பிடிக்க எந்தக் கணினியாலும் முடியாது. ஆனால் தாளைப் பார்த்தவருக்கு ஊகிக்க எதுவும் இல்லை. அவருக்கு உங்கள் கருவியும் வேண்டாம், பின் இலக்கமும் வேண்டாம். உலகின் எந்த மூலையிலிருந்தும் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். எடுத்ததைத் திருப்ப எந்த வங்கியும் இல்லை. இதனால்தான் கருவியைவிட அந்தத் தாள் பெறுமதியானது என்கிறோம். கருவி தொலைந்தால் நூறு டொலர் நட்டம். தாளும் கருவியும் ஒன்றாகத் தொலைந்தால் எல்லாம் நட்டம். தாள் பிறர் கையில் போனாலும் எல்லாம் நட்டம்.

எமது வயதானவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. இந்தச் சொற்பட்டியல் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம், ஜப்பானியம் போன்ற சில மொழிகளில் இருக்கிறது, தமிழில் இல்லை. பெரும்பாலான கருவிகள் ஆங்கிலச் சொற்களையே காட்டும். எழுத்துப் பிழைக்குப் பயப்படத் தேவையில்லை. ஆங்கிலப் பட்டியலில் ஒவ்வொரு சொல்லின் முதல் நான்கு எழுத்துகளும் வேறொரு சொல்லோடு பொருந்தாதபடி அமைத்திருக்கிறார்கள். முதல் நான்கு எழுத்து தெளிவாக இருந்தால் போதும். ஆனால் தமிழில் மொழிபெயர்த்து எழுதி வைக்கக் கூடாது. ஒரு சொல்லுக்குப் பல ஆங்கிலச் சொற்கள் பொருந்தும். பிறகு எது என்று தெரியாது. வரிசை இலக்கத்தையும் கட்டாயம் எழுதுங்கள்.

"மனதிலேயே வைத்திருக்கிறேன், எந்த எல்லையையும் கடக்கலாம், எந்தச் சோதனைச் சாவடியிலும் பிடிபடாது" என்று ஓர் அன்பர் எம்மிடம் பெருமையாகச் சொன்னார். உடுப்பின் ஓரத்தில் நகையைத் தைத்துக்கொண்டு ஓடிவந்த எமக்கு அந்த எண்ணத்தின் கவர்ச்சி விளங்குகிறது. ஆனால் நாங்கள் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒரு விபத்து, ஒரு பாரிசவாதம், அல்லது வெறும் வயது, இதில் ஒன்று போதும். மனப்பாடம் செய்யுங்கள், தடையில்லை. அதை மட்டும் நம்பாதீர்கள்.

திருடர் வரும் வழிகள்

கருவியை உடைத்துத் திருடுவது அரிது. சொற்களை நீங்களே கொடுக்க வைப்பதுதான் வழமை.

கைத்தொலைபேசியில் சொற்களைப் படம் எடுப்பது முதலாவது தவறு. அந்தப் படம் தானாகவே கூகுள் அல்லது ஐகிளவுட் சேமிப்புக்குப் போய்விடும். தொலைபேசியில் உள்ள படங்களை வாசித்து இத்தகைய சொற்களைத் தேடும் நச்சு மென்பொருள், செயலி அங்காடிகளுக்குள்ளேயே புகுந்திருந்ததாக 2025 பெப்ரவரியில் கஸ்பர்ஸ்கி நிறுவனம் அறிவித்தது. வட்ஸ்அப்பிலோ வைபரிலோ பிள்ளைக்கு அனுப்புவதும், மின்னஞ்சலில் தனக்கே அனுப்பி வைப்பதும் இதே வகைதான்.

போலிச் செயலிகளும் போலிக் கடிதங்களும் இரண்டாவது. 2020இல் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் களவுபோய், அந்த டிசம்பரில் இணையத்தில் வெளியானது. சுமார் 272,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம் அதில் இருந்தன. கருவிகளுக்கோ திறப்புகளுக்கோ எதுவும் ஆகவில்லை. ஆனால் அதன் பிறகு அந்த வாடிக்கையாளர்களுக்கு நிறுவனம் அனுப்பியது போன்ற மின்னஞ்சல்கள் வந்தன. தபாலில் கடிதங்கள் வந்தன. சிலருக்குப் போலிக் கருவியே பெட்டியோடு வந்தது. எல்லாம் கேட்டது ஒன்றையே: "பாதுகாப்புக்காக உங்கள் 24 சொற்களைப் பதியுங்கள்."

எந்த நிறுவனமும், எந்த வங்கியும், எந்த வரி அலுவலகமும் அந்தச் சொற்களைக் கேட்காது. கேட்பவர் எவராக இருந்தாலும் திருடர். கணினியிலோ தொலைபேசியிலோ உள்ள எந்தப் பக்கத்திலும் அவற்றைத் தட்டச்சு செய்ய வேண்டாம். மீட்கும் நாள் வந்தால் கருவியின் திரையிலேயே கொடுங்கள்.

மூன்றாவதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் இதைச் செய்து தருபவர் பெரும்பாலும் ஒரு மருமகன், ஒரு பெறாமகன், அல்லது கோயிலில் பழக்கமான கணினி தெரிந்த தம்பி. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் சொற்கள் திரையில் வரும்போது அவர் பக்கத்தில் இருந்தால், உங்கள் பெட்டகத்தின் திறப்புக்கு அவரிடம் ஒரு பிரதி இருக்கிறது என்பதே பொருள். நாளை ஏதாவது தொலைந்தால் அவர்மீது சந்தேகம் விழும். அவர் எடுக்காமல் இருந்தாலும் உறவு முறியும். "தம்பி, இந்த இடத்தில மட்டும் கொஞ்சம் வெளியால இரும்" என்று சொல்வது அவரையும் காப்பாற்றுவதுதான்.

பாவித்த கருவியை எவரிடமிருந்தும் வாங்க வேண்டாம். செய்யும் நிறுவனத்திடமோ அது அங்கீகரித்த கடையிலோ வாங்குங்கள். பெட்டியைத் திறக்கும்போது சொற்கள் ஏற்கனவே அச்சடித்தோ எழுதியோ இருந்தால், அது முழுக்க முழுக்க மோசடி. சொற்களைக் கருவி உங்கள் கண் முன்னே புதிதாக உருவாக்க வேண்டும்.

கடைசியாக, வாய். 2025 ஜனவரியில் லெட்ஜர் நிறுவனத்தின் இணை நிறுவனர் ஒருவரைப் பிரான்சில் அவருடைய வீட்டில் வைத்தே கடத்திப் பணம் கேட்டார்கள். கலியாண வீட்டிலும் பிறந்தநாள் விழாவிலும் "என்னட்ட இவ்வளவு கிடக்கு" என்று சொல்லித் திரிய வேண்டாம். நகையை அப்படிச் சொல்வோமா?

திரையை வாசியுங்கள்

சொற்களைக் கொடுக்காமலே ஏமாறவும் வழி உண்டு. நீங்கள் ஒரு முகவரியைப் பிரதிசெய்து ஒட்டும்போது, அதைத் திருடனின் முகவரியாக மாற்றிவிடும் நச்சு மென்பொருள்கள் இருக்கின்றன. கணினித் திரை பொய் சொல்லலாம். கருவியின் சின்னத் திரைதான் சாட்சி. அதில் வரும் முகவரியை, அனுப்ப வேண்டியவர் தந்த முகவரியோடு முதலிலிருந்து கடைசிவரை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பொத்தானை அழுத்துங்கள்.

இது பெரியவர்களுக்கும் நடந்திருக்கிறது. 2025 பெப்ரவரியில் பைபிட் என்ற பரிமாற்று நிறுவனத்திலிருந்து சுமார் 1.5 பில்லியன் டொலர் பெறுமதியான எதீரியம் களவு போனது. கையொப்பமிட்டவர்கள் ஹார்ட்வெயார் வொலட் பாவித்தவர்கள்தான். கணினித் திரையில் வழமையான பரிமாற்றம் போலத் தெரிந்ததை நம்பி ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். கருவி அவர்களுடைய திறப்பைக் காப்பாற்றியது. எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்று வாசிக்கும் வேலையை அதனால் அவர்களுக்காகச் செய்ய முடியவில்லை.

ஒழுங்காகத் தொடங்கும் முறை

அவசரப்படாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

முதலில், கருவியைப் புதிதாக இயக்கி, பின் இலக்கம் வைத்து, சொற்களைக் கையால் தாளில் எழுதுங்கள். பிறந்த திகதியைப் பின் இலக்கமாக வைக்க வேண்டாம். எழுதியதை ஒருமுறை சத்தமில்லாமல் வாசித்துச் சரிபாருங்கள்.

இரண்டாவதாக, மிகச் சிறு தொகை ஒன்றை மட்டும் கருவியின் முகவரிக்கு அனுப்புங்கள்.

மூன்றாவது படியைப் பலர் செய்வதில்லை. கருவியை வேண்டுமென்றே அழித்து, தாளில் உள்ள சொற்களைக் கொண்டு மீட்டுப் பாருங்கள். அந்தச் சிறு தொகை திரும்பத் தெரிந்தால் தாள் சரி. தெரியாவிட்டால் போனது சிறு தொகை மட்டுமே. கணக்காளர்கள் கையிருப்பை எண்ணிப் பார்க்காமல் ஏட்டில் ஒப்பமிடுவதில்லை. இதுவும் அப்படித்தான்.

இவை முடிந்த பின்னரே மிச்சத் தொகையை மாற்றுங்கள்.

தாளுக்கு இரண்டு பிரதிகள் வேண்டும். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. தீயும் தண்ணீரும் ஒரு வீட்டுக்கு வரும்போது எல்லா அறைக்கும் வரும். சொற்களைப் பொறித்து வைக்க உலோகத் தகடுகள் விற்கிறார்கள். தொகை பெரிதென்றால் அது நல்லது. 24 சொற்களைப் பாதியாக வெட்டி இரண்டு இடத்தில் வைப்பது புத்திசாலித்தனம் போலத் தோன்றும். ஆனால் ஒரு பாதி தொலைந்தாலே எல்லாம் போய்விடும். சொற்களோடு நாமே சேர்க்கும் கூடுதல் கடவுச்சொல் என்று ஒரு வசதியும் உண்டு. அது பலமானது. ஆனால் அதையும் ஒருவர் மறக்காமல் இருக்க வேண்டும், வாரிசுக்கும் தெரிய வேண்டும். உங்கள் வீட்டாருக்கு விளங்கப்படுத்த முடியாத எந்த ஏற்பாட்டையும் செய்ய வேண்டாம் என்பதே எமது ஆலோசனை.

கணக்கும் வரியும்

"கருவியில் வைத்தால் வரி அலுவலகத்துக்குத் தெரியாது" என்று சிலர் நம்புகிறார்கள். பேரேடு பொதுவானது என்று மேலே சொன்னோம். நீங்கள் வாங்கிய நிறுவனத்திடம் உங்கள் பெயரும் கடவுச்சீட்டுப் படமும் இருக்கின்றன. 2026 ஜனவரி முதல் பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் பரிமாற்று நிறுவனங்கள் வாடிக்கையாளரின் விபரங்களை வரி அலுவலகத்துக்குக் கொடுப்பதற்காகச் சேகரிக்கின்றன.

உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து உங்கள் சொந்தக் கருவிக்கு மாற்றுவது விற்பனை அல்ல. கனடாவிலும் பிரித்தானியாவிலும் அதற்காக இலாப வரி வராது. விற்கும்போது, அல்லது ஒரு நாணயத்தை இன்னொன்றாக மாற்றும்போதுதான் கணக்கு வருகிறது. ஜேர்மனியில் தனிநபர் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் அந்த இலாபத்துக்கு வரி இல்லை. சுவிற்சர்லாந்தில் தனிநபரின் இலாபத்துக்குப் பொதுவாக வரி இல்லாவிட்டாலும், டிசம்பர் 31ஆம் திகதிப் பெறுமதியைச் சொத்துக் கணக்கில் காட்ட வேண்டும்.

எந்த நாட்டில் இருந்தாலும் நீங்கள் வைத்திருக்க வேண்டியது ஒரு கொப்பி: வாங்கிய திகதி, அளவு, அன்றைய விலை உங்கள் நாட்டு நாணயத்தில், கொடுத்த கட்டணம், கருவிக்கு மாற்றிய திகதி. வாங்கிய விலையை நிரூபிக்க முடியாதவர் கட்டத் தேவையில்லாத வரியையும் கட்ட நேரிடலாம். அந்தக் கொப்பியில் மீட்புச் சொற்கள் வேண்டாம். அதை எம்மைப் போன்றவர்கள் பார்ப்போம்.

நீங்கள் இல்லாத நாளில்

களவுக்குப் பயந்து எல்லாவற்றையும் மறைக்கிறோம். மிகவும் நன்றாக மறைத்தால் வீட்டாருக்கும் கிடைக்காது. எம்மிடம் வந்த அந்தக் குடும்பத்துக்கு நடந்தது இதுதான். அவர் கவலையீனமானவர் அல்லர். ஒழுங்கானவர், காப்புறுதி எடுத்தவர், பிள்ளைகளின் படிப்புக்குச் சேமித்தவர். இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி பயப்படுவார், பேசுவார் என்று நினைத்திருக்கலாம்.

ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழில் எழுதினால் போதும். எம்மிடம் கிரிப்டோ நாணயம் இருக்கிறது. அது இன்ன வகை. கருவி இன்ன இடத்தில், பின் இலக்கம் இன்ன இடத்தில், சொற்கள் எழுதிய தாள் இன்ன இடத்தில் இருக்கின்றன. அவசரப்பட்டு இணையத்தில் உதவி தேடாதே, இன்னாரிடம் கேள். சொற்களை எவருக்கும் அனுப்பாதே. இவ்வளவுதான். சொற்களை அந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம். மரணசாசனத்திலும் எழுத வேண்டாம். பிரித்தானியாவில் நீதிமன்றம் உறுதிப்படுத்திய மரணசாசனத்தை யாரும் காசு கட்டிப் பிரதி எடுக்கலாம். மரணசாசனத்தில் இப்படியொரு சொத்து இருக்கிறது, அது இன்னாருக்கு என்பதை மட்டும் குறிப்பிடுங்கள்.

சொற்களை ஊரில் உள்ள சகோதரரிடம் கொடுத்து வைக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இலங்கை மத்திய வங்கி இந்த நாணயங்களுக்குத் தான் அனுமதி வழங்கவில்லை என்று பல தடவை பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. அதை அங்கே காசாக்க முயல்வதில் அவருக்குச் சிக்கல் வரலாம். அறியாத ஒருவரிடம் இந்தப் பாரத்தைப் போடாதீர்கள்.

அந்தத் தாயும் மகளும் பிறகு வீட்டில் உள்ள ஒவ்வொரு கொப்பியையும் புரட்டினார்கள். சாதகக் குறிப்புகள், பழைய நாட்குறிப்புகள், காரின் சேவைப் புத்தகம்கூடப் பார்த்தார்கள். தாள் கிடைக்கவில்லை. எங்காவது ஒரு மூலையில் இருந்தால் ஒருநாள் வரும் என்று கருவியைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். மூன்றாம் தடவை பின் இலக்கத்தை அடிக்கவில்லை. "அப்பா என்ன நம்பர் வச்சிருப்பார் எண்டு அம்மா இரவில யோசிச்சுக்கொண்டிருக்கிறா" என்று மகள் தொலைபேசியில் சொன்னார்.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படி ஒரு கருவி இருந்தால், இந்த வார இறுதியில் துணைவருக்கோ வளர்ந்த பிள்ளைக்கோ அதை எடுத்துக் காட்டுங்கள். தாள் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். ஒருமுறை அவர்களே போய் அந்த இடத்தைத் திறந்து பார்த்துவிட்டு வரட்டும்.